தனுஷ்கோடியில் சூரியனுக்கு நேரே கேமராவைத் திருப்பும் முன்

தனுஷ்கோடி போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் ஒன்று மட்டும் எல்லாரிடமும் ஒரே மாதிரி இருக்கும். கடல் இருக்கும், சூரியன் இருக்கும், குறுக்கே பச்சையாக ஒரு புள்ளி மிதக்கும். இல்லையென்றால் படம் முழுக்கக் கஞ்சித் தண்ணீர் ஊற்றினாற்போல வெளுத்துக் கிடக்கும். நேரில் பார்த்தபோது கடல் கருநீலமாக இருந்தது, ஈர மணல் மினுங்கியது, படத்தில் இரண்டும் இல்லை. கேமரா சரியில்லை, விலை கூடிய லென்ஸ் வாங்கினால்தான் ஆகும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வாங்க வேண்டாம். இதற்குப் பெயர் லென்ஸ் ஃபிளேர். இந்தக் கடற்கரையில் படம் எடுக்கப் பழகும் யாருக்கும் முதல் நாளே வருகிற தொல்லை இது, பாதிக்கு மேல் உள்ளங்கையை வைத்தே சரி செய்துவிடலாம்.

எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. சித்தப்பா மகனிடம் இரவல் வாங்கிய கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அதன் மேல் 'பாதுகாப்புக்கு' என்று கடையில் மாட்டிவிட்ட ஒரு யு.வி. ஃபில்டர். தை மாதக் காலை, அரிச்சல்முனை. நாற்பது படத்துக்கு மேல் எடுத்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. அப்போது பக்கத்தில் ஒரு மீனவர் தன் வள்ளம் திரும்பி வருகிறதா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கூச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. "எங்கண்ணே வருது, எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றேன். "கைய நெத்தியில வச்சுப் பாருங்க தம்பி, தெரியும்" என்றார். வைத்தேன். சின்னக் கறுப்புக் கோடாக வள்ளம் தெரிந்தது. அடுத்த படத்துக்கு அதே கையை லென்ஸுக்கு மேல் பிடித்தேன், திரையில் கடலின் நிறம் திரும்பி வந்துவிட்டது. அன்றைக்கு அவ்வளவுதான் கற்றுக்கொண்டேன், ஆனால் இன்றைக்கு வரை அதிகம் கைகொடுப்பது அதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது

ராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தால் கண்ணாடியில் நம் முகமே தெரியும் இல்லையா, அதே சமாச்சாரம்தான். பூச்சு இல்லாத ஒரு கண்ணாடிப் பரப்பில் பட்ட வெளிச்சத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் உள்ளே போகாமல் திரும்பிவிடும். லென்ஸ் என்பது ஒரே கண்ணாடி அல்ல, உள்ளே பத்துப் பன்னிரண்டு கண்ணாடிகள் வரிசையாக நிற்கின்றன. தனித்தனியாகப் பத்துக் கண்ணாடி என்று வைத்துக்கொண்டால் முன்னும் பின்னுமாக 20 பரப்புகள். ஒரு பரப்பில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் இன்னொரு பரப்பில் பட்டு மறுபடி, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரை நோக்கி வரலாம், அப்படிப்பட்ட ஜோடிகள் மட்டும் 190. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியையோ வட்டத்தையோ உண்டாக்கக்கூடியது. 1935-ல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளியைக் குறைக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார், இன்றைக்கு லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் ஊதாவும் பச்சையுமாக மின்னுவது அதே வழியில் வந்த பூச்சுகள்தான். அதனால் 4 சதவீதம் என்பது அரை சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. ஆனால் எதிரில் நிற்பது சூரியன், அதில் துளி எதிரொளித்தாலும் படத்தில் தெரிந்துவிடும்.

ஃபிளேர் இரண்டு விதமாக வரும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் முதலில் எது வந்திருக்கிறது என்று பாருங்கள். படம் முழுக்கப் பால் படிந்த மாதிரி வெளுத்து, கறுப்பாக இருக்க வேண்டியதெல்லாம் சாம்பலாகிவிட்டால், வெளிச்சம் உள்ளே சிதறிப் பரவிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் சூரியன் படத்துக்கு வெளியே, பக்கவாட்டில் நின்று முன் கண்ணாடியை அடிக்கும்போது இப்படி ஆகும், அழுக்குக் கண்ணாடியானால் எப்போதுமே ஆகும். தனித்தனியாகப் புள்ளி, வட்டம், அறுகோணம் என்று வரிசையாகத் தெரிந்தால் அவை நான் மேலே சொன்ன ஜோடி எதிரொளிகள். சூரியனிலிருந்து படத்தின் மையத்தின் வழியாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், அந்தப் புள்ளிகள் அதே கோட்டில்தான் உட்கார்ந்திருக்கும். இது தெரிந்துவிட்டால் புள்ளி எங்கே விழும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். சூரியனை மேல் இடது மூலைக்குத் தள்ளினால் புள்ளிகள் கீழ் வலதுக்கு ஓடும்.

சூரியன் படத்தில் இல்லை, ஆனாலும் வெளுக்கிறது

இங்கேதான் புதிதாக எடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். சூரியன்தான் படத்தில் இல்லையே, பிறகு எப்படி ஃபிளேர் வரும் என்று நினைத்துவிடுகிறோம். காட்சியைப் பார்ப்பதை ஒரு நொடி விட்டுவிட்டு, கேமராவைத் திருப்பாமல், நீங்கள் மட்டும் தலையை நீட்டி லென்ஸின் முகத்தைப் பாருங்கள். கண்ணாடியில் வெயில் பட்டுப் பளபளக்கிறதா? அப்படியானால் படத்திலும் பால் ஊற்றியிருக்கும். கையை நீட்டி, உள்ளங்கையின் நிழல் அந்தக் கண்ணாடி முழுவதையும் மூடும் வரை நகர்த்துங்கள், விரல் படத்துக்குள் வராதபடி கொஞ்சம் பின்னால் இழுங்கள், எடுங்கள். கை எட்டாவிட்டால் தொப்பி, நோட்டுப் புத்தகம், கூட வந்தவரின் குடை, எது வேண்டுமானாலும் சரி.

லென்ஸ் ஹூட், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டும் வெயில் மறைப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பையில் அடங்குவதற்காகத் தலைகீழாக மாட்டியதை அப்படியே விட்டுவிட்டு எடுப்பவர்களைப் பாம்பன் பாலத்தில் எந்த நாளும் பார்க்கலாம், அதனால் ஒரு பலனும் இல்லை. பூவிதழ் மாதிரி வெட்டிய ஹூட் என்றால் நீளமான இதழ்கள் மேலும் கீழும், குட்டையானவை இடமும் வலமும் வரவேண்டும், மாற்றி மாட்டினால் படத்தின் மூலைகள் கறுத்துவிடும். ஹூட் கிடைக்காத லென்ஸுக்குக் கறுப்பு சார்ட் பேப்பரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு நானே செய்திருக்கிறேன். லென்ஸின் மிக அகலமான நிலையில், என் லென்ஸில் 18 மில்லிமீட்டரில், ஒரு படம் எடுத்து மூலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், பேப்பர் உள்ளே தெரிந்தால் ஒரு விரற்கடை வெட்டுங்கள்.

அந்த யு.வி. ஃபில்டரையும் சூரியனை எதிர்கொள்ளும்போது கழற்றிவிடுங்கள். தட்டையான கண்ணாடி அது, சென்சாரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை மறுபடி நேராக உள்ளே அனுப்பிவிடும். மணல் பறக்கும்போது மாட்டுங்கள், மற்ற நேரம் வேண்டாம். போலரைசர் என்ற ஃபில்டரும் இதற்கு மருந்து இல்லை. கடல் மேல் மினுங்கும் கூச்சத்தை அது குறைக்கும், வானத்தைக் கருநீலமாக்கும், அதுவும் சூரியன் உங்கள் தோள் பக்கமாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். நேர் எதிரே சூரியன் நின்றால் அது இன்னொரு கண்ணாடி, அவ்வளவுதான்.

எந்த மாதம், எந்தக் கரை

இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நம் கடற்கரை மாதிரி வடக்கும் தெற்கும் கிழக்கும் பார்த்த கரைகள் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும் இடம் அதிகம் இல்லை. எந்தக் கரைக்கு எந்த மாதம் போகிறீர்கள் என்பதிலேயே ஃபிளேர் வருமா வராதா என்பது பாதி முடிவாகிவிடும்.

தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் சாலை தென்கிழக்கு நோக்கி நீள்கிறது, வலப்பக்கம் மன்னார் வளைகுடா, இடப்பக்கம் பாக் நீரிணை. நம் ஊர்க்காரர்கள் ஆண்கடல், பெண்கடல் என்று சொல்வது இந்த இரண்டையும்தான். மார்கழியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், அதாவது சாலை போகும் திசைக்கு ஏறக்குறையப் பக்கத்திலேயே. சாலையின் நடுக்கோட்டை வைத்து அகலமான லென்ஸில் எடுத்தால் சூரியன் படத்துக்குள்ளேயே இருக்கும், எங்கே இருக்கிறது என்று தெரியும், சமாளிக்கலாம். ஆனி மாதத்தில் அதே இடத்தில் நின்றால் சூரியன் கிழக்குக்கு வடக்கே 24 டிகிரி தள்ளிப் பெண்கடல் பக்கம் எழும்பியிருக்கும், படத்துக்கு வெளியே இடப்பக்கமாக நின்று லென்ஸின் கன்னத்தில் அடிக்கும். வெளுத்துப்போன படங்கள் நிறைய வருவது இந்த மாதங்களில்தான். இடது கையை உயர்த்தி வைத்துக்கொண்டே எடுக்க வேண்டும், கேமராவை நிறுத்த ஒரு முக்காலி இருந்தால் அதற்குக் கை ஒழியும்.

பழக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது அரியமான் கடற்கரை. அது வடக்கு பார்த்த கரை. கார்த்திகை முதல் தை வரை சூரியன் கிழக்கே தெற்காக எழுந்து, தெற்கு வழியாகவே போய், மேற்கே தெற்காக விழும், அதனால் கடலைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு நாள் முழுக்க முதுகுப் பக்கமே வெயில். ஃபிளேர் என்ற பேச்சே இல்லை. வெளிச்சம் கொஞ்சம் தட்டையாக இருக்கும், படகுகளின் நிழல் படகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், ஆனால் கேமராவின் மற்ற விஷயங்களைப் பழக இதைவிட நிம்மதியான கரை கிடையாது. கீழக்கரை, ஏர்வாடி பக்கம் இதற்கு நேர்மாறு. தெற்கு பார்த்த கடல், அதே மாதங்களில் சூரியன் காலையிலிருந்து மாலை வரை கடலுக்கு மேலேயே உங்களுக்கு எதிரே நிற்கும். ஆனி, ஆடியில் அங்கே போங்கள்.

தேவிபட்டினம் கிழக்கு பார்த்த ஊர், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் காலைச் சூரியனை எதிர்த்து எடுக்க அருமையான இடம். கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று, ஒரு கல்லின் பின்னால் சூரியனை மறைத்து எடுத்துப் பாருங்கள். இன்னொரு சங்கதி. நம் அட்சரேகையில் சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வந்துவிடும், அப்போது ஃபிளேர் வருவது குறைவு, ஆனால் அந்த வெயிலில் வெள்ளை மணலுக்கும் வானத்துக்கும் வித்தியாசமே தெரியாது. அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து நுங்கு சாப்பிடலாம்.

சூரியன் படத்துக்குள்ளேயே வேண்டும் என்றால்

ஹூடும் கையும் இங்கே உதவாது. நான்கு விஷயம் செய்யலாம், என் வரிசைப்படி சொல்கிறேன்.

முதலாவது, சீக்கிரம் எடுத்து முடியுங்கள். இங்கே சூரியன் ஏறக்குறைய நேர் மேலாக ஏறும், வட்டம் முழுதும் கடலை விட்டு வெளியே வர இரண்டு நிமிடம் சொச்சம்தான் ஆகும், பிறகு நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்று ஏறிக்கொண்டே போகும். முதல் சில நிமிடங்களில் அடிவானப் புகைமூட்டம் அதன் உக்கிரத்தைக் குறைத்துவிடும், அப்போது ஃபிளேர் பெயரளவுக்குத்தான் வரும். ஆகவே இருட்டிலேயே போய் இடம் பார்த்து நில்லுங்கள். அரிச்சல்முனைச் சாலையில் வண்டிகளை விடும் நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, முந்தின நாளே ராமேஸ்வரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, எதற்காவது பின்னால் சூரியனைப் பாதி ஒளித்துவையுங்கள். பனைமரத்தின் தூர், கரையேற்றிய நாட்டுப்படகின் அணியம், அரிச்சல்முனை வட்டத்தில் நிற்கும் அசோகத் தூண், எதுவானாலும். எனக்குப் பிடித்தது தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிந்த சுவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போன பிறகும் நின்றுகொண்டிருக்கும் சுவர் அது, பவளக்கல் வைத்துக் கட்டியது, கிட்டே போய்ப் பார்த்தால் கல்லில் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருக்கும். சூரியனைச் சன்னல் திறப்பின் ஓரத்தில் ஒரு நூல் அளவு மட்டும் எட்டிப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, எஃப் 16-க்குக் குறுக்கினால் அந்த நூலிலிருந்து கதிர் கதிராக நட்சத்திரம் விரியும். இது ஃபிளேர் அல்ல, அப்பர்ச்சர் இதழ்களின் ஓரத்தில் ஒளி வளைவதால் வருவது. இதழ் ஆறு என்றால் ஆறு கதிர், ஏழு என்றால் பதினான்கு. ஒரு விரல் இடம் நகர்ந்தாலும் நட்சத்திரம் போய்விடும், ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகருங்கள். எஃப் 16-ல் பச்சைப் புள்ளிகளும் விளிம்பு கூர்ந்து தெளிவாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம், அகலத் திறந்தால் அவை பெரிதாகிக் கரைந்து மங்கும். கண் வைத்துப் பார்க்கும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் வ்யூஃபைண்டர் எப்போதும் அகலத் திறந்த நிலையைத்தான் காட்டும், அதனால் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகே இடத்தை விட்டு நகருங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். டி.எஸ்.எல்.ஆர். வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் கண்டிப்பாகக் கூடாது. பூதக்கண்ணாடியில் பஞ்சு எரிவது போலக் கண்ணுக்குள் எரியும். பின்பக்கத் திரையைப் பார்த்தே எடுங்கள்.

மூன்றாவது, மேலே சொன்ன கோட்டைப் பயன்படுத்திப் புள்ளியை வெறும் வானத்திலோ வெறும் மணலிலோ விழ வையுங்கள், வீட்டுக்கு வந்து ஸ்னாப்சீட் செயலியிலோ வேறு எதிலோ ஒரே தொடலில் அழித்துவிடலாம். காயப்போட்ட வலையின் மேலோ ஆள் முகத்திலோ விழுந்துவிட்டால் அழிப்பது பெரும்பாடு.

நான்காவது முக்காலி இருப்பவர்களுக்கு. கேமரா தானாக எதையும் மாற்றாதபடி மேனுவலில் வைத்து ஒரு படம் எடுங்கள். எதையும் மாற்றாமல், கையை நீட்டிக் கட்டைவிரலால் சூரியனை மட்டும் மறைத்து இரண்டாவது படம் எடுங்கள். விரல் படத்தில் தெரியும், தெரியட்டும். அந்த இரண்டாவது படத்தில் புள்ளிகள் இருக்காது, நிழல்களில் கறுப்பு திரும்பியிருக்கும். கம்ப்யூட்டரில் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, சூரியனும் அதன் சுற்றுப்புறமும் முதல் படத்திலிருந்து, மீதியெல்லாம் இரண்டாவதிலிருந்து என்று மாஸ்க் போட்டுச் சேர்த்துவிடலாம், ஜிம்ப் மாதிரி இலவச மென்பொருளே போதும். அலை இரண்டு படத்திலும் வேறு வேறாக இருக்கும் என்பதால் சேர்க்கும் விளிம்பை வானத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும், அந்தப் பச்சைப் புள்ளி மையத்துக்கு நேர் எதிர்ப்புறம் விழும் என்பதால் சூரியனை நட்டநடுவில் வைத்தால் புள்ளி சூரியனுக்குள்ளேயே மறைந்துவிடும். அதற்கு முன் லென்ஸைத் துடையுங்கள், சட்டைப் பையில் கிடந்த போனில் கைரேகை இல்லாமல் இருக்காது. சூரியனிலிருந்து நீளமாக ஒரு கோடு இழுத்தது போலத் தெரிந்தால் அது விரல் எண்ணெய். துடைத்த திசைக்குக் குறுக்கே அந்தக் கோடு ஓடும்.

எல்லா ஃபிளேரையும் விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கருவாடு காயும் களத்தில் அதிகாலைப் புகையும் தூசியுமாக இருக்கும்போது, குனிந்து மீனைப் புரட்டும் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து வரும் அந்த இளமஞ்சள் வெளுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அதை எடுக்க வேண்டுமானால் ஹூடைக் கழற்றி, அப்பர்ச்சரை அகலத் திறந்து, சூரியனைப் படத்தின் விளிம்புக்குக் கொஞ்சம் வெளியே வைத்து, கேமராவை மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துப் பார்த்து வேண்டிய அளவில் நிறுத்துங்கள். முதலில் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

உப்பு

கடைசியாகச் சொன்னாலும் இதை முதலில் செய்யுங்கள். கரையில் அரை மணி நேரம் நின்றாலே முன் கண்ணாடியில் உப்புப் படிந்துவிடும், கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் பத்து நிமிடம் போதும். நேராகப் பார்த்தால் தெரியாது. லென்ஸைச் சாய்த்துச் சூரிய வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை அளவில் வெள்ளை வெள்ளையாக, ஒவ்வொன்றைச் சுற்றியும் காய்ந்த நீர்த்துளியின் வளையத்தோடு தெரியும். அந்த ஒவ்வொரு துகளும் வெயில் பட்டதும் தனித்தனியாக வெளிச்சத்தைச் சிதறடிக்கும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸானாலும் அப்போது பயனில்லை.

சட்டை நுனியால் துடைக்காதீர்கள், உப்போடு மணலும் இருக்கும், பூச்சைக் கீறிவிடும். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு ஊதினால் மணல் விழுந்துவிடும். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் நடுவிலிருந்து வட்டமாக வெளிப்பக்கம் துடையுங்கள், உலர்ந்த மூலையால் ஈரத்தை எடுங்கள். ஆல்கஹால் கலந்த லென்ஸ் திரவம் எண்ணெய்க்குத்தான் நல்லது, உப்பு அதில் சரியாகக் கரையாது, தண்ணீர்தான் வேண்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்ட் வாட்டரையே சின்ன பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளலாம்.

ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்கியிருந்தால், அதிகாலையில் கேமராவை வெளியே எடுத்ததும் கண்ணாடி வேர்த்துவிடும், அதுவும் ஃபிளேர் போலவே வெளுப்பைக் கொடுக்கும். துடைத்தாலும் மறுபடி வேர்க்கும். பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து இருபது முப்பது நிமிடம் வையுங்கள், தனுஷ்கோடி போய்ச் சேரும் நேரத்துக்குள் கேமராவும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்துவிடும். திரும்பி வந்ததும் ஹூடை மட்டும் கழற்றி நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், அதன் உள்பக்கத்தில் ஒட்டிய உப்புதான் அடுத்த நாள் காற்றில் உதிர்ந்து கண்ணாடிக்கு வருகிறது.